உள்ளங்கால்

இன்றைக்கு வியாழக்கிழமை, எனக்குக் கடை லீவு, அதனால்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன், இல்லாவிட்டால் அந்தத் தாளைத் தரையில் விரித்திருக்கவே மாட்டேன். நேற்றைய பேப்பரின் நடுப்பக்கத்தைப் பிரித்து, அடுப்படி வாசலில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டு, வாளியில் காலை முக்கி, சொட்டாமல் ஒரு உதறு உதறிவிட்டு, தாளின் மேல் ஏறி நின்றேன். சாந்தகுமாரி அக்கா அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஜவுளிக்கடையில் எனக்கு அடுத்த பிரிவு அவளுக்கு. நான் பட்டு, அவள் காட்டன். ஈரக்காலோடு நின்று இறங்கினால் பாதம் படுகிற இடமெல்லாம் நனைந்திருக்கும், உள்பக்கம் வளைவு இருக்கிற இடம் மட்டும் நனையாமல் பிறை மாதிரி தெரியும், அந்தப் பிறையைப் பென்சிலால் வரைந்துகொள், அதே அளவுக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டு, அதைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொள் என்றாள். அவள் அப்படிக் கட்டிக்கொண்டுதான் போன தீபாவளிக் கூட்டத்தை நின்று சமாளித்தாளாம். நான் இறங்கிப் பார்த்தேன். பிறை இல்லை. குதிகாலிலிருந்து விரல்வரை மொத்தமும் ஈரம், செங்கலை நனைத்து வைத்து எடுத்த மாதிரி. எலும்பு டாக்டர் சொன்னதுதான், எனக்குப் புதிதில்லை. பிறை இல்லாவிட்டால் என்ன, அது இருக்கவேண்டிய இடம் எனக்குத் தெரியாதா, வலிக்கிற இடம்தானே என்று பென்சிலைத் தேடி நகர்ந்தேன். அப்போதுதான் மீனா குளித்துவிட்டு வந்தாள். தலையில் சுற்றிய துண்டோடு, கண்ணாடியிடம் போகிற அவசரத்தில், ஈரக்காலால் என் தாளை மிதித்துக்கொண்டு போனாள். "பேப்பர எடும்மா, வழுக்கிவிடப் போகுது" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். நான் எடுக்கக் குனிந்தேன். என் காலுக்குப் பக்கத்தில் அவள் கால். இடது கால் முழுசாக விழுந்திருந்தது, வலதில் விரல்கள் மட்டும். நீளமான கால், ஒல்லி விரல்கள், சுண்டுவிரல் அவள் அப்பாவுடையது மாதிரி உள்ளே மடங்கியது. எல்லாம் அவளுடையதுதான். ஆனால் அதிலும் பிறை இல்லை.

நான் குனிந்தபடியே இருந்தேன். முதலில் வந்தது பயம் இல்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை, இப்போதும், ரப்பர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வாரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலும். முதலில் வந்தது அப்பாடா என்கிற ஒன்று. சுமையை யாரோ இறக்கி வைத்த மாதிரி. அப்படியானால் இவள் போக வேண்டியதில்லை. அது ஒரு நொடிதான், பயம் பின்னாலேயே வந்தது, ஆனால் முதலில் வந்தது அதுதான். என் ஒரே மகள் போலீஸ் வேலைக்கு எழுதி, எழுத்துத் தேர்வில் பாஸாகி, அடுத்த வாரம் ஓட்டத்துக்குப் போகிறாள். விடிவதற்கு முன்னால் எழுந்து மைதானத்துக்குப் போய், முழங்கால் வரை புழுதியோடு திரும்பி வருகிறாள். ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல், அதெல்லாம் முடிந்தால் மெடிக்கல். மெடிக்கலில் காலைப் பார்ப்பார்கள். இதுவும் அவளே சொன்னதுதான், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவளோடு ஓடிய காளீஸ்வரி என்கிற பெண்ணைப் பற்றி. போன தடவை ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள், மெடிக்கலில் ஃப்ளாட் ஃபுட் என்று எழுதி அனுப்பிவிட்டார்களாம், இப்போது செல்போன் கடையில் இருக்கிறாளாம். மைதானத்தில் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் அதற்குப் பிறகு எல்லாரையும் ஷூவைக் கழற்றச் சொல்லி ஒருநாள் பாதம் பார்த்தாராம், அன்றைக்கு மீனா காய்ச்சலில் படுத்திருந்தாள். எனக்கென்னம்மா, என் கால் நல்லாத்தான இருக்கு என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாள். நானும் ரசம் ஊற்றினேன். ஃப்ளாட் ஃபுட் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. ரசம் ஊற்றும்போது அந்த மாதிரிக் காலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அப்பாடா எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். யோசிக்க வேண்டாம் என்றாலும் கை வேலையில் இருக்கும்போது தலை சும்மா இருக்கிறதா. வார்களைப் பிடுங்கியாகிவிட்டது. ஓட்டை விழுந்த இடத்தை விட்டுவிட்டு, பிளேடால் அரைவட்டமாகக் கீறி, மடக்கி, மறுபடி கீறினால் ரப்பர் பிளந்துகொள்கிறது. மேலே நீலம், உள்ளே வெள்ளை. போன மாசியில் பெரிய ஆள் யாரோ வருகிறார் என்று ரோடு முழுக்கப் போலீஸ். எங்கள் கடை முக்கில் ஒரு பெண் போலீஸ், மீனாவை விட இரண்டொரு வயது கூட இருக்கும், கடை திறக்கும் முன்னாலேயே நின்றிருந்தாள், நாங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றிருந்தாள். நிழல் அவளை விட்டு நகர்ந்து போய்விட்டது, அவள் நகரவில்லை. அப்புறம் மெதுவாக உள்ளே வந்து, அக்கா, பாத்ரூம் போய்க்கிடலாமா என்று என்னிடம் கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது எங்கள் ஸ்டூலைப் பார்த்தாள். அந்த ஸ்டூல், நின்று வேலை பார்ப்பவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டது. சட்டமும் இருக்கிறது, ஸ்டூலும் இருக்கிறது, அதன் மேல் நாங்கள் ஜாக்கெட் துணிப் பெட்டியை வைத்திருக்கிறோம், ஏனென்றால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். பெட்டியை இறக்கி அவளை உட்காரச் சொன்னேன். ஷூவைக் கழற்றினாள். சாக்ஸோடு பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் அந்தப் பிடியைப் பார்த்தேன். எந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள் என்று பார்த்தேன். என் கட்டைவிரல் தினமும் போய் நிற்கிற அதே இடம். வாக்கிடாக்கியில் என்னமோ கரகரத்தது, உடனே ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீனாவிடம் சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்லுவாள் என்று தெரியும். நீ நிக்கலியாம்மா, அதே மாதிரிதான என்பாள். அதே மாதிரி வேண்டாம் என்றுதானே.

ஆனால் வேண்டாம் என்று நினைப்பது வேறு, அவள் காலே வேண்டாம் என்று சொல்லிவிடுவது வேறு. அதுவும் நான் கொடுத்த கால். என் அப்பாவுக்கும் இதுதான், தீப்பெட்டி ஆபீசிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்கும், தப்பு தப்பு என்று, அவர் காலில் செருப்பு நிற்காது. யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை, அய்யா நடை என்றுதான் சொன்னோம். தாளை மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். காய்ந்துபோயிருந்தது. இரண்டு பேர் காலும் இல்லை. நனைந்த இடம் மட்டும் லேசாகச் சுருங்கி, எழுத்துக்கள் நெளிந்து, ஒரு ஜவுளி விளம்பரத்தின் மேல் மேடு தட்டியிருந்தது, அவ்வளவுதான். இதை யாரிடம் காட்டி என்ன நிரூபிக்க முடியும். ஒருவேளை நான் பார்த்தது சரியில்லையோ. அவள் குளித்துவிட்டு அப்படியே வந்தாள், உதறவில்லை, தண்ணீர் அதிகம், தண்ணீர் ஓடிப் பரவி பிறையை மூடியிருக்கும். பேப்பர் ஈரத்தை உறிஞ்சி இழுக்கும், அது பேப்பரின் குணம். அவள் அவசரமாக மிதித்தாள், அழுத்தி மிதித்தால் யார் காலும் தட்டையாகத்தான் விழும். நான் அழுத்தாமல் நின்றபோதும் தட்டையாக விழுந்ததே என்று உள்ளே ஒன்று சொன்னது. அதை விட்டுவிட்டு வெட்டிய ரப்பரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போனேன். ஓரம் கூராக இருந்தால் காலில் உரசிப் புண்ணாக்கும், ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து எடுக்கவேண்டும், நடுவில் மேடு, போகப் போக ஒன்றுமில்லாமல் ஆகவேண்டும். கல்லில் தேய்க்கத் தேய்க்க ரப்பர் பொடி நீலமாகக் கொட்டியது. பல் கூசுகிற சத்தம். உள்ளே மீனாவின் ஃபேன் சத்தம். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். தூங்கட்டும். தூங்கும்போது போய்ப் பார்க்கலாமா?

போய் நின்றேன். காலை நீட்டி, ஒருக்களித்து, பாதம் பாயை விட்டு வெளியே. படுத்திருக்கும்போது வளைவு இருக்கிறது. குட்டிப் படகு மாதிரி அழகாக இருக்கிறது. ஆனால் என் காலும் படுத்தால் அப்படித்தான் இருந்தது, முன்பெல்லாம். டாக்டர் அதைத்தான் சொன்னார். படுத்திருக்கும்போது பார்க்கக்கூடாதும்மா, நிக்கும்போது பார்க்கணும், நின்றால் தட்டையாகி, குதிகாலைத் தூக்கி எக்கும்போது வளைவு திரும்பி வந்தால் அது வளைந்து கொடுக்கிற கால், அதற்குப் பயமில்லை, சில பேரைப் பட்டாளத்தில்கூட எடுத்துக்கொள்வார்கள், எக்கினாலும் வரவில்லை என்றால்தான் இறுகிவிட்டது என்று அர்த்தம் என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு என்னை எக்கச் சொன்னார். எக்கினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ம் என்றார், அப்புறம் எழுதினார். என்ன டாக்டர் என்றேன். எத்தன வருசமா நின்னுக்கிட்டிருக்கீங்க என்று திருப்பிக் கேட்டார். பாதத்துக்கு அளவெடுத்துச் செய்து போடவேண்டிய மெத்தைக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன், அதோடு அது ஷூவுக்குள் வைப்பது, எங்களுக்குப் பட்டுப் பிரிவில் செருப்பே கூடாது, விரிப்பின் மேல் வெறும் காலோடுதான் நிற்கவேண்டும். அதனால்தான் இந்த ரப்பர், இந்த எலாஸ்டிக், காலோடு சேர்த்துக் கட்டுகிற வித்தை. எக்கும்போது பார்க்கவேண்டும். மீனா எக்கவேண்டும், அவளுக்குத் தெரியாமல்.

அவள் எழுந்ததும் சொன்னேன். பரண் மேல் பழைய குக்கர் இருக்கிறது, அதன் வாசர் வேண்டும், எடுத்துக்கொடு என்றேன். இப்பவா என்றாள். ஆமாம், இப்ப. நான் கீழே உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பார்வையை அவள் காலில் வைத்துக்கொண்டேன். மீனா பரணைப் பார்த்தாள், போய் முக்காலியை எடுத்து வந்தாள், ஏறினாள், குக்கரை எடுத்தாள், இறங்கினாள். குதிகால் முக்காலியை விட்டு எழவே இல்லை. இவ்வளவு உயரமாக இவளை நான் ஏன் பெற்றேன். மேல் கொடியில் துணியை எடு என்றேன். அதற்கு எக்கவே வேண்டியதில்லை அவளுக்கு. காலண்டர் ஆணி சாய்ந்திருக்கிறது பார் என்றேன். "உனக்கு என்னம்மா வேணும் இன்னைக்கு" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை என்றேன். குக்கர் என் பக்கத்தில் தூசியோடு கிடந்தது. அதற்கு வாசர் எப்போதோ போய்விட்டது.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். லாரி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார், எங்கேயோ ரோட்டோரம் நிறுத்திச் சமைத்துக்கொண்டிருந்தார், பின்னால் ஸ்டவ் சத்தம். சொல்லிவிடலாம், சொன்னால் பாதி பாரம் அவரிடம் போகும் என்றுதான் போட்டேன். எடுத்த உடனே, பாப்பா எத்தன சுத்து ஓடினா இன்னைக்கு என்றார். கிளீனரிடம் என்னமோ சிரித்துச் சொன்னார், இந்தியில். லாரி ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார், இனிமேல் என் வண்டியை மறிக்கிறவன் யோசித்து மறிக்கணும் என்று. நன்றாக ஓடுகிறாள் என்றேன். உன் கால் எப்படி இருக்கு என்று கேட்டார். இருக்கு, செருப்பை வெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். நல்ல செருப்பையா வெட்டினே என்றார். பழசுதான். அப்புறம் மழை பெய்ததா என்று கேட்டார், இல்லை என்றேன், சாம்பார்ப்பொடி தீர்ந்துவிட்டது என்றார், அடுத்த தடவை கொடுத்து விடுகிறேன் என்றேன். வைத்துவிட்டோம். பாரம் அப்படியே என்னிடம் இருந்தது, கூட அவர் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

தைக்கிறேன். ரப்பரை இரண்டு அடுக்காக வைத்து, பஞ்சர் ஒட்டுகிற பசையைத் தடவி ஒட்டி, மீனாவின் பழைய ஜீன்ஸ் துணியில் உறை மாதிரி சுற்றித் தைத்து, அகல எலாஸ்டிக்கில் சேர்க்கவேண்டும். ஜீன்ஸ் துணி கெட்டி, ஊசி போகமாட்டேன் என்கிறது, பின்னால் குக்கர் மூடியை வைத்துத் தள்ளினால் போகிறது. சரி, குக்கர் ஒரு உபயோகத்துக்கு வந்தது. சொல்லவேண்டுமா வேண்டாமா. சொன்னால் உடைந்துபோவாள். ஓட்டம் பாதி மனசில்தான் இருக்கிறது என்று மாஸ்டர் சொல்லுவாராம், அடுத்த வாரம் அந்தக் கோட்டில் நிற்கும்போது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி ஓடுவாள். சொல்லாவிட்டால் ஓடுவாள், ஜெயிப்பாள், சந்தோஷமாக வருவாள், அப்புறம் ஒருநாள் முன்னே பின்னே தெரியாத யாரோ ஒருவர் முன்னால் வெறும் காலோடு நிற்பாள், அவர் குனிந்து பார்த்துவிட்டு, ம் என்பார். அந்த ம் எனக்குத் தெரியும். அதை அவள் தனியாகக் கேட்கக்கூடாது. அப்படியானால் சொல்லு. சொன்னால் ஒருவேளை அவளே விட்டுவிடுவாள், விட்டுவிட்டால் வெயிலில் நிற்க வேண்டாம், ஷூவுக்குள் கால் வேகவேண்டாம், இங்கேயே ஏதாவது ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பார், மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறேன். அவளுக்காகச் சொல்கிறேனா, எனக்காகச் சொல்கிறேனா என்று தெரியாமல் எப்படி வாயைத் திறப்பது. ஊசி நழுவிக் கட்டைவிரலில் ஏறியது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேன், ரப்பர் பசை வாசம். இவள் முதல்முதலில் நடந்தது இந்தக் கூடத்தில்தான், அப்போது சிமெண்டுத் தரை. மூன்று எட்டு வைத்து என் மடியில் வந்து விழுந்தாள். உள்ளங்காலில் முத்தம் கொடுத்தேன், கொழுகொழு என்று ரொட்டி மாதிரி இருந்தது, எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தானே இருக்கும். எப்போது பார்ப்பதை நிறுத்தினேன்? குழந்தையின் காலைத் தினமும் பார்க்கிறோம், வளர்ந்த பெண்ணின் காலை யார் பார்க்கிறார்கள். நான் சேலை விரிக்கிறவள், எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்களின் காலையெல்லாம் பார்த்திருக்கிறேன், மெட்டி, மருதாணி, வெடிப்பு. என் மகள் காலை இன்றைக்குப் பேப்பரில்தான் பார்த்தேன்.

இரண்டும் தைத்து முடிந்தது. மாட்டிக்கொண்டு எழுந்தேன். உட்கார்ந்துவிட்டு எழுந்து வைக்கிற முதல் அடிதான் எப்போதும் கொல்லும், குதிகாலின் உள்பக்கம் யாரோ கம்பியைச் சுண்டிவிட்ட மாதிரி முழங்கால்வரை ஏறும். ஏறியது. இரண்டாவது அடியில் ரப்பர் மேடு உள்ளங்காலில் ஏந்திக்கொண்டது. யாரோ கீழே இருந்து கை கொடுத்த மாதிரி இருந்தது, என்னை அறியாமல் நின்றுவிட்டேன். வலி போகவில்லை, ஆனால் கொஞ்சம் தள்ளி நின்றது. இடது காலுக்கான ரப்பர் முட்டு உயரம் அதிகம், ஒரு அடுக்கைப் பிரிக்கவேண்டும். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். மீனா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாருக்காம்மா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். எழுந்து வந்தாள், கீழே உட்கார்ந்து எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாள், நடுவில் இருக்கிற மேட்டை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, சாதாரணமாக, கடையில் ஒரு கலர் பிடித்துப்போய் இன்னொன்று கேட்கிற மாதிரி, "எனக்கும் ஒண்ணு செஞ்சு தாயேன். ஓடி முடிச்சதும் இந்த எடம் எனக்கும் வலிக்குது" என்றாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவள் கட்டைவிரல் அங்கே போய் நின்றது. இடது காலில்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. யோசித்து எடுத்த முடிவு ஒன்றுமில்லை, யோசிக்கிறதுக்கு இடமில்லாமல் போய்விட்டது. சொன்னேன். காலையில் நீ பேப்பரை மிதித்தாய், உன் கால் என் கால் மாதிரி விழுந்தது என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, புரிவது முகத்தில் தெரியவில்லை, கையில் தெரிந்தது, என் காலைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது. ஃபேன் சுற்றியது. தெருவில் யாரோ உப்பு விற்றுக்கொண்டு போனார்கள்.

"காலையில பாத்துட்டு இவ்வளவு நேரம் சும்மாவா இருந்தே?"

ஆமாம் என்றேன்.

"அதுக்குத்தான் குக்கரா?"

அதற்கும் ஆமாம் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன், படுத்துப் பார்க்கக்கூடாது, நின்று எக்கிப் பார்க்கணும், வந்தால் பயமில்லை. வரலேன்னா என்றாள். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்படியே கீழே இறங்கி, முட்டி போட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தேன். எக்கு என்றேன். எக்கினாள். அவள் கை என் தோளிலிருந்து முதுகுக்கு நகர்ந்து அழுத்தியது, முழு பாரமும். வலது கால் உடனே எழுந்துகொண்டது, பாலம் மாதிரி, கீழே வெளிச்சம் தெரிந்தது, இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன், தாராளமாக இருந்தது. இடது பக்கம் தலையைத் திருப்பினேன். குதிகால் கொஞ்சம்தான் தூக்கியிருந்தது, உள்பக்கம் சதை சோம்பலாகத் தொங்கியது. ஆள்காட்டி விரலை நீட்டினேன். சதை தட்டியது. இன்னும் கொஞ்சம் ஏறு என்றேன். முடியல என்றாள். முடியும், ஏறு என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. வா என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன், காலிடம், எலும்பிடம், எது காதில் விழுமோ அதனிடம். காலையில் அப்பாடா என்று சொன்னவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை, அவளைத் தேட நேரமில்லை. வா. அவள் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. விரலுக்கு மேலே தோல் இழுபட்டது, மெல்ல, தரையிலிருந்து கோலப்பொடி அளவுக்கு எழும்பியது. என் விரல் உள்ளே போனது. நகம்வரை. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"இருக்கா?" என்றாள் மேலே இருந்து.

"வலதுல நல்லா இருக்கு. எடதுல கொஞ்சமா இருக்கு."

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல. என் வெரல் போயிருக்கு."

அது போதுமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். தெரியாது என்பதுதான் உண்மை. வலியும் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன ஞாபகம், அதையும் சொன்னேன், எதையும் வைத்துக்கொள்ளவில்லை. மாஸ்டரிடம் காட்டு, அவர் பார்க்கட்டும், நாளைக்குக் காலையில் அந்த டாக்டரிடமே போவோம், நான் கடைக்கு லேட்டாகப் போய்க்கொள்கிறேன் என்றேன். மீனா மெதுவாக இறங்கினாள். முகத்தைத் துண்டால் துடைத்தாள், அழுதாளா வேர்த்ததா என்று நான் பார்க்கவில்லை. வேண்டாம்னா விட்டுரலாம்மா என்று சொல்லுவாளோ என்று ஒரு நொடி காத்திருந்தேன். அவள் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் இப்போது மைதானத்தில்தான் இருப்பார், சாயங்கால ஆட்கள் வருவார்கள், இப்பவே காட்டிவிடுகிறேன் என்றாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, குனிந்தபடி, "நீயும் வா. டாக்டர் சொன்னத நீயே அவர்ட்ட சொல்லு, எனக்குச் சொல்லத் தெரியாது" என்றாள்.

கதவைப் பூட்டிவிட்டு இறங்கினோம். வெயில் சாய்ந்து, தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை போட்டிருந்தார்கள். நான் ரப்பர் முட்டுகளைக் கட்டி, மேலே செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன், வலது ஒத்துக்கொண்டது, இடது ஒத்துக்கொள்ளவில்லை. அவள் இரண்டு எட்டு முன்னால் போவாள், நிற்பாள், என் நடைக்குத் தன் நடையைச் சுருக்கிக்கொள்வாள், மறுபடி முன்னால் போய்விடுவாள். மாஸ்டர் கிளம்பிருவாரோ என்று செல்போனில் மணி பார்த்தாள். நீ போ, நான் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றேன். வழி தெரியுமா என்றாள். மைதானத்துக்கு வழி தெரியாதா எனக்கு. தயங்கினாள். "ஓடு" என்றேன். ஓடினாள். குடங்களுக்கு நடுவே வளைந்து, சைக்கிள்காரர் ஒருவரைத் தாண்டி, பின்னலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு. பின்னால் நின்று அவள் ஓடுவதை நான் பார்த்ததே இல்லை. குதிகால் தரையில் படவே இல்லை. எனக்கு இடது ரப்பர் முட்டு நழுவிப் பாதத்தின் மேல்பக்கம் ஏறிவிட்டது, ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக் குனிந்து அதைக் கீழே இழுத்து, உள்ளங்காலில் சரியாக உட்கார வைத்து, எலாஸ்டிக்கை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். அதற்குள் அவள் முக்கைத் திரும்பிவிட்டாள்.